பெட்டி போச்சு என்று சொல்வதற்கு முன்: காரில் மாட்யூல்கள் பேசாமல் போனால் அறிகுறி பார்த்துத் தேடும் வழி

கோலாலம்பூர் செந்தூலில் என் பட்டறைக்கு வரும் கார்களில் பாதிக்குப் பாதி வேறெங்கோ பார்த்துவிட்டு வருபவைதான். சாவியோடு ஒரு துண்டுச் சீட்டும் சேர்ந்து வரும். யூ0100, யூ0121 என்று ஏதாவது எழுதியிருக்கும். "அண்ணே, ஸ்கேன் மிஷின்ல இதான் காட்டுச்சாம். பெட்டி போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். பெட்டி என்றால் மாட்யூல். என்ஜினுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, கதவையும் விளக்கையும் ஹார்னையும் பார்த்துக்கொள்ள ஒன்று என்று இன்றைக்கு ஒரு சாதாரண உள்ளூர் காரிலேயே அரை டஜன் இருக்கும்.

யூ என்று தொடங்கும் கோடுகள், அதாவது கோளாறு எண்கள், எல்லாம் பேச்சுத் தொடர்பு பற்றிய புகார்கள். யூ0121 என்றால் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் பெட்டி) கெட்டுவிட்டது என்று பொருளில்லை. 'ஏபிஎஸ்ஸிடமிருந்து எனக்குத் தகவல் வரவில்லை' என்று வேறொரு பெட்டி சொல்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை என்பதற்காக மாலை வாங்கக் கிளம்பிவிடுவோமா? போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம், லைன் அறுந்திருக்கலாம், நம் போனே செத்திருக்கலாம். காரிலும் அதே வரிசைதான்: முதலில் மின்சாரம், அப்புறம் எர்த், அப்புறம் ஒயர், கடைசியில்தான் பெட்டி. ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் கடைசியில் இருப்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டு ஒயர், ஒரு எண்

மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு முறுக்கிப் போட்ட இரண்டு ஒயர் போதும். ஒன்று கேன் ஹை, இன்னொன்று கேன் லோ. கேன் என்பது ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு. அடிப்படை இன்றைக்கும் அதேதான். யாரும் பேசாத நேரத்தில் இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்கிற பெட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. இக்னிஷன் காயிலோ ஆல்டர்னேட்டரோ இரைச்சல் போட்டால் அது இரண்டு ஒயரிலும் ஒரே அளவு ஏறும், வித்தியாசம் மாறாது. முறுக்கு அதற்காகத்தான்.

லைனின் இரண்டு நுனியிலும் ஆளுக்கு ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. பத்துமலைக் குகைக்குள் நின்று சத்தமாகப் பேசிப் பாருங்கள். முதல் வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பி வந்து இரண்டாவது வார்த்தையின் தலையில் விழும். ஒயரின் நுனியில் துடிப்பும் அப்படித்தான் திரும்பி வரும். அந்த ரெசிஸ்டர் குகைச் சுவரில் மெத்தையைக் கட்டிவைத்த மாதிரி. இரண்டு 120 பக்க இணைப்பில் சேர்ந்தால் 60 ஓம். இந்த 60ஐ மறக்காதீர்கள், திரும்பத் திரும்ப வரும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஒரு நல்ல டிஜிட்டல் மீட்டர், பேட்டரி சார்ஜர், அந்த மாடலுக்கான ஒயரிங் படம், எல்லா மாட்யூலையும் படிக்கும் ஸ்கேனர். கைபேசியில் இணைக்கும் மலிவான புளூடூத் குச்சிகளில் பல என்ஜினை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் இருக்கிறதா செத்ததா என்று அவற்றுக்குத் தெரியாது. பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் கரண்டையும் எர்த்தையும் பார்க்கக் கெட்டிக்காரன். ஆனால் அதைக் கேன் ஒயரில் வைக்கவே கூடாது. கூடவே ஒரு எச்சரிக்கை: மஞ்சள் நிற கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்தும், கார் கம்பெனி சொன்ன முறையிலும் தவிர அவற்றைத் தொடாதீர்கள், மீட்டர் வைத்து ஓம் பார்க்கவும் வேண்டாம்.

கோடுகளைப் படிக்கும் முன் சபையைக் கூட்டுங்கள்

ஸ்கேனரில் 'எல்லா மாட்யூலும்' என்ற ஸ்கேனை ஓட்டி, ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் பதில் சொன்ன பெட்டிகள், வலப்பக்கம் ஒவ்வொன்றும் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறது என்பது. யூ0100 என்ஜின் பெட்டியைக் காணோம் என்பது. யூ0101 கியர், யூ0121 ஏபிஎஸ், யூ0131 பவர் ஸ்டியரிங், யூ0140 கதவையும் விளக்கையும் பார்க்கும் பாடி மாட்யூல், யூ0151 ஏர்பேக், யூ0155 டேஷ்போர்டு மீட்டர்.

எழுதி முடித்ததும் பாதி வேலை முடிந்திருக்கும். எல்லோரும் ஒரே ஆளைப் பற்றிப் புகார் சொல்லி, அந்த ஆளும் ஸ்கேனருக்குப் பதில் சொல்லவில்லை என்றால் அந்த ஆளின் இடத்துக்குப் போங்கள். ஒரே ஒரு பெட்டி மட்டும் ஊரில் உள்ள எல்லோரைப் பற்றியும் புகார் சொன்னால், காது அடைத்திருப்பது புகார் சொல்கிறவருக்குத்தான். அதன் கிளை ஒயரைப் பாருங்கள். இரண்டு மூன்று பெட்டிகள் ஒன்றாகக் காணாமல் போனால் அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸ், எர்த் போல்ட், ஒயர் கூடும் முடிச்சு எது என்று ஒயரிங் படத்தில் தேடுங்கள். இரண்டு பெட்டிகள் ஒரே நாளில் தனித்தனியாகச் சாவது அபூர்வம்.

பிறகு எல்லா கோடையும் அழித்துவிட்டு, சாவியை அணைத்துப் போட்டு, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பேட்டரி மாற்றும்போது, ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது, யாரோ கனெக்டரைக் கழற்றும்போது பதிந்த பழைய யூ கோடுகள் மாதக்கணக்கில் கிடக்கும். திரும்பி வருகிறவனைத்தான் துரத்த வேண்டும்.

அறிகுறி: டேஷ்போர்டு மீட்டரில் எல்லா விளக்கும் தீபாவளி மாதிரி எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகப் போகிறது

பேட்டரி. இன்னொரு முறை சொல்கிறேன், பேட்டரி. நம் வெயிலில் இரண்டு வருடம் தாண்டிய எந்தப் பேட்டரியையும் நான் நம்புவதில்லை. சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமில்லை. ஸ்டார்ட் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 9.6க்குக் கீழே போனால் சில பெட்டிகள் மயங்கி விழுந்து, எழுந்து, விழுந்த நேரத்தில் யார் பேசவில்லை என்று ஒன்றன்மேல் ஒன்று புகார் எழுதிவைக்கும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் விளக்குகள் எரிந்தால் எர்த்துக்கு வாருங்கள். இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்க்கும் முறையை இதைவிட நன்றாக விளக்க எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். "தம்பி, ரெண்டு பெங்கேல் பாத்தாச்சு. ரெண்டு பேருமே ஏபிஎஸ் பெட்டிதான்னு சொல்றாங்க. 2,400 வெள்ளியாம். எனக்கென்னவோ மனசு ஒப்பல." பெங்கேல் என்றால் பட்டறை, வெள்ளி என்றால் ரிங்கிட். வீட்டுச் சந்திலிருந்து காரை எடுக்கும்போது ஒன்றும் இருக்காதாம். பெரிய ரோட்டில் ஏறி கொஞ்சம் வேகம் பிடித்ததும் ஏபிஎஸ் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு இரண்டும் வரும், வேக முள் படுத்துவிடும். அணைத்துப் போட்டால் சரியாகும், மறுபடி அதே இடத்தில் வரும்.

"எப்பவும் கிளம்பின உடனேவா சார்?"

"ஆமாம் தம்பி, சந்து முனையில அந்த முருங்கை மரம் தாண்டினதும்."

முருங்கை மரத்துக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த இடத்தில் கார் எடுக்கும் வேகத்துக்கு உண்டு. பல கார்களில் ஏபிஎஸ் மாட்யூல், கார் நகர்ந்து ஒரு சிறு வேகம் வந்ததும், தன் பம்ப் மோட்டாரை ஒரு கணம் ஓட்டிச் சோதித்துக்கொள்ளும். மோட்டார் ஓடினால் கரண்ட் நிறைய இழுக்கும். இழுக்கும் நேரத்தில் எர்த் பலவீனமாக இருந்தால் பெட்டிக்கு வேண்டிய வோல்ட் கிடைக்காது. பெட்டி விழுந்துவிடும். வேகத் தகவலை டேஷ்போர்டு மீட்டருக்கும் ஸ்டியரிங்குக்கும் கொடுப்பது அதுதான். அதனால் அந்த இரண்டும் சேர்ந்து கத்தும்.

ஏபிஎஸ் கனெக்டரின் எர்த் பின்னில் பின்பக்கமாக மீட்டர் ஊசி ஒன்று, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இன்னொன்று. மீட்டர் டிசி வோல்ட்டில். சாவி போட்ட நிலையில் 0.04 வோல்ட், சொக்கத் தங்கம். முதலில் பார்த்த இரண்டு பேரும் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள், அல்லது ஓம் வைத்துப் பார்த்து 'எர்த் ஓகே' என்றிருப்பார்கள். ஒயரில் நூறு இழையில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் ஓகே என்றுதான் சொல்லும். நான் ஸ்கேனரிலிருந்து பம்ப் மோட்டாரை ஓடச் சொன்னேன். 0.04 என்றிருந்தது 3.1க்குத் தாவியது, ஸ்கேனரில் தொடர்பு அறுந்தது, விளக்கு எரிந்தது. வாத்தியாரும் மீட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

பேட்டரித் தட்டைக் கழற்றினால் அடியில் எர்த் போல்ட். பழைய பேட்டரி கசிந்து, போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஒயர் நுனியில் உள்ள லக்கை வெட்டிப் புதிது அடித்து, தகட்டை உப்புத்தாள் போட்டு வெளுக்கத் தேய்த்து, புதுப் போல்ட் முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். பம்ப் ஓடும்போது 0.06. மொத்தம் 60 வெள்ளி.

ஆகவே எர்த்தைப் பார்ப்பது எப்போதும் சுமையோடு. மாட்யூல் வேலை செய்துகொண்டிருக்கும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும். பாசிட்டிவ் பக்கமும் அப்படியே, பேட்டரி பாசிட்டிவிலிருந்து கனெக்டரின் கரண்ட் பின் வரை. ஃபியூஸ் எரியவில்லை என்பது மட்டும் ஃபியூஸ் காலில் துரு இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

அறிகுறி: ஸ்கேனர் காரோடு சேரவே மாட்டேன் என்கிறது

முதலில் ஸ்கேனர் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பிரச்சினை மாட்யூலில் இல்லை, சாக்கெட்டில். ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டை நேராகப் பார்த்தால், அகலப் பக்கம் மேலே இருக்க, மேல் வரிசை இடமிருந்து 1 முதல் 8; கீழ் வரிசை 9 முதல் 16. பின் 16இல் பேட்டரி கரண்ட், 4இலும் 5இலும் எர்த். பல கார்களில் 16க்கு வரும் ஃபியூஸும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு வரும் ஃபியூஸும் ஒன்றேதான். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஐந்து வெள்ளி போன் சார்ஜர் அதை எரித்துவிட்டுப் போயிருக்கும். மாட்யூலைத் தேடி டேஷ்போர்டைக் கழற்றியவர்களும் உண்டு.

ஸ்கேனர் எரிகிறது, ஆனால் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்றால் இப்போதுதான் கேன். பின் 6 ஹை, அதற்கு நேர் கீழே 14 லோ. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, 6க்கும் 14க்கும் நடுவே ஓம் பாருங்கள். பேட்டரி இணைந்திருக்கும்போது வரும் எண் பொய்.

60க்குப் பக்கத்தில் இருந்தால் லைனும் இரண்டு நுனியும் முழுசாக இருக்கின்றன. 120 வந்தால் ஒரு நுனி காணோம்: எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது நுனி ரெசிஸ்டர் உள்ள பெட்டி கழன்றிருக்கிறது. 40 வந்தால் மூன்று ரெசிஸ்டர் இருக்கின்றன. யாரோ பொருந்தாத பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் ஹையும் லோவும் ஒட்டிக்கொண்டன. ஒன்றுமே காட்டவில்லை என்றால் சாக்கெட்டுக்கு வரும் ஒயரே துண்டாகியிருக்கலாம்.

ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். புதிய கார்களில் ஓபிடி சாக்கெட்டுக்கும் உள்ளே இருக்கும் லைன்களுக்கும் நடுவே கேட்வே என்று ஒரு வாசல்காரர் உட்கார்ந்திருப்பார். சாக்கெட்டில் நீங்கள் பார்ப்பது அவரோடு உள்ள சின்னத் துண்டு லைனை மட்டும்தான். அங்கே 60 இருந்தாலும் உள்ளே இன்னொரு லைன் செத்துக் கிடக்கலாம். சில கார்களில் அங்கே 60 வராமல் இருப்பதே சரியான நிலை. ஒயரிங் படம் இல்லாமல் கேட்வே காரில் கை வைக்காதீர்கள்.

ஓம் சரியென்றால் பேட்டரியை மாட்டி, சாவி போட்டு, 6ஐயும் 14ஐயும் தனித்தனியாக எர்த்துக்கு எதிரே வோல்ட் பாருங்கள். பேச்சு ஓடும் லைனில் சாதாரண மீட்டர் சராசரியைக் காட்டும்: ஹை 2.5க்குக் கொஞ்சம் மேலே, லோ கொஞ்சம் கீழே, இரண்டையும் கூட்டினால் 5க்குப் பக்கம். ஹை பூஜ்யம் என்றால் எர்த்தில் பட்டிருக்கிறது. 12க்குப் பக்கம் போனால் கரண்ட் ஒயரில் உரசியிருக்கிறது. இரண்டும் அசையாமல் ஒரே எண் என்றால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது ஒருவரும் பேசவில்லை. வோல்ட் ஏறி இறங்குவதைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரியும். ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கண்ணாடிப் பிம்பம் மாதிரி கீழே போக வேண்டும்.

ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தபின் மீட்டரைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு, மாட்யூல் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் சரியாகிறதோ அந்தப் பெட்டி, அல்லது அதுவரை போகும் கிளை. முதலில் எளிதாகக் கை எட்டுவது, ஈரம் படக்கூடிய இடத்தில் இருப்பது, சமீபத்தில் யாரோ தொட்டது. நுனி ரெசிஸ்டர் உள்ள பெட்டியைக் கழற்றும்போது எண் 120 ஆவது இயல்பு, அதைக் குற்றவாளி என்று பிடிக்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றியும் பூஜ்யம் மாறவில்லையா? ஒயர்க் கற்றையேதான்.

அறிகுறி: ஸ்டார்டர் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை, யூ0100

மற்றவர்கள் எல்லாம் நலம், என்ஜின் பெட்டி மட்டும் மௌனம். அதன் மெயின் ரிலே, ஃபியூஸ், எர்த் மூன்றையும் சுமையோடு பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் நன்று. இங்கேதான் நிறைய பேர் ஈசியூ, அதாவது என்ஜின் பெட்டி, விலையைக் கேட்கப் போன் எடுப்பார்கள். பொறுங்கள். என்ஜின் பெட்டி தன் சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. ஒரு சென்சாரோ அதன் ஒயரோ எர்த்தில் பட்டு அந்த 5 வோல்ட்டைக் கீழே இழுத்தால், சில கார்களில் பெட்டியே படுத்துவிடும். ஏதாவது ஒரு மூன்று ஒயர் சென்சாரில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். திடீரென்று 5 வந்து ஸ்கேனரும் சேர்ந்துவிட்டால், பல நேரம் ஐம்பது நூறு வெள்ளியில் முடிகிற வேலை.

அறிகுறி: ஒரே ஒரு மாட்யூல் மட்டும் காணோம்

கரண்ட், எர்த், இரண்டும் சுமையோடு சரி. அந்தப் பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரி இல்லாமல், கனெக்டரின் கேன் பின்களிலிருந்தே ஓம் பாருங்கள். நடுவில் உள்ள பெட்டி என்றால் 60 வர வேண்டும். நுனிப் பெட்டி என்றால் 120. பேட்டரியோடு வோல்ட்டும் சரி. பின் உள்ளே தள்ளியிருக்கிறதா, வாய் அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் அது வாய் திறக்கவில்லை என்றால், இப்போது சொல்லலாம், பெட்டிதான்.

பழைய கார்களை வெட்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் அதே பெட்டி மலிவாகக் கிடைக்கும், நானே அங்கேதான் முதலில் போவேன். ஆனால் பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும். என்ஜின் பெட்டி, டேஷ்போர்டு மீட்டர், பாடி மாட்யூல் என்றால் சாவி இம்மொபிலைசரோடு (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டோடு) சேர்த்துப் பதிய வேண்டிவரும். வாங்குவதற்கு முன் கோடிங் செய்ய ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மழை பெய்தால், பள்ளத்தில் விழுந்தால், மத்தியானம் சூடேறினால் மட்டும் வருகிறது

பட்டறைக்கு வந்தால் ஒழுங்காக ஓடும். எரிச்சலான சாதி. மீட்டரைப் பின் 6, 14இல் ஓமில் வைத்து, ஒருவர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒயர்க் கற்றையை ஒவ்வொரு அடியாக அசைத்து, வளைத்து, இழுத்து வரட்டும். 60 என்று நின்றது ஒரு கணம் 120க்குத் தாவினால் கை இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய், பேட்டரித் தட்டுக்கு அடியில், என்ஜினிலிருந்து தாவும் இடம், கிளிப் விட்டுப்போன மூலை — இவைதான் வழக்கமான இடங்கள்.

ஈரம் என்றால் முதலில் இடப்பக்கக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். ஏர்கோன் தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்துக்கொண்டால் அது உள்ளேதான் சொட்டும். கம்பளத்துக்கு அடியிலும் கால் பக்கத் தட்டிக்குப் பின்னாலும் இருக்கும் கனெக்டர்கள் நாளெல்லாம் நனையும். முன் கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்தாலும் அப்படித்தான். மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு இது சாதாரணம். கனெக்டரைக் கழற்றினால் பின்னில் பச்சை படிந்திருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரின் கதை வேறு. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்களில் தண்ணீர் நின்றதே, அதற்குப் பிறகு கழுவி, காயவைத்து, வாசனை தெளித்து விற்ற கார்கள் எத்தனையோ. வாங்கியவருக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து ஒவ்வொரு பெட்டியாகப் பேச்சை நிறுத்தும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் ஒரு கனெக்டரைச் சுத்தம் செய்து அனுப்பாதீர்கள், உரிமையாளரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

எலி கடித்த ஒயரைச் சேர்க்கும்போது: இரண்டு ஒயரையும் ஒரே நீளத்தில் வையுங்கள், இரண்டு ஜாயிண்டும் ஒன்றின்மேல் ஒன்று வராமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஈயம் வைத்து வெப்பச் சுருக்குக் குழாய் போடுங்கள், பழைய முறுக்கை அப்படியே திரும்பக் கொடுங்கள். முறுக்காமல் கருப்பு டேப் சுற்றிவிட்டுப் போனால் இன்று ஓடும்; முறுக்கு இல்லாத அந்தத் துண்டில் பிறகு இரைச்சல் ஏறும்.

அறிகுறி: ஆக்சசரி கடைக்குப் போய் வந்ததிலிருந்து

ஆண்ட்ராய்டு பிளேயர், அலாரம், டேஷ்கேம், ரிமோட் ஸ்டார்ட். கேட்கும்போது "ஒண்ணும் செய்யல அண்ணே" என்பார்கள், பிறகு "போன மாசம் பிளேயர் மட்டும் மாத்தினேன்" என்பார்கள். கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப் ஒன்று கேன் ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வைத்ததையெல்லாம் முழுசாகக் கழற்றிவிட்டு, கார் கம்பெனி வைத்த நிலைக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். அணைத்துவிட்டுச் சோதிப்பது போதாது.

இதே சாதியில் இன்னும் இரண்டு: பேட்டரியைக் கழற்றாமல் உடம்பில் வெல்டிங் வைத்தது, லோரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் எடுத்தது. பெரிய லோரிகள் 24 வோல்ட். அதற்குப் பிறகு பெட்டி உண்மையிலேயே செத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: ஒரு கதவின் கண்ணாடி மட்டும், அல்லது ஒரு பக்கக் கண்ணாடி மடிப்பு மட்டும் வேலை செய்யவில்லை

இது பெரும்பாலும் கேன் அல்ல, லின். ஒற்றை ஒயர், 12 வோல்ட், மெதுவான பேச்சு. ஒரு தலைவர், கீழே சில தொண்டர்கள். இதில் 60 ஓம் தேடாதீர்கள். சாவி போட்டால் ஒயரில் 12க்குக் கொஞ்சம் கீழே ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பூஜ்யமாக இருந்தால் தொண்டர்களை ஒவ்வொருவராகக் கழற்றுங்கள். பெரும்பாலும் கதவு ரப்பர் குழாய்க்குள் அறுந்த ஒயர்தான்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது

இதுவும் பேச்சுக் கோளாறுதான். பேசாமல் இருப்பது அல்ல, பேச்சை நிறுத்தாமல் இருப்பது. காரைப் பூட்டிக் கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெட்டிகளும் தூங்கிவிட வேண்டும். ஒன்று விழித்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் மற்றவையும் தூங்காது.

பேட்டரி நெகட்டிவில் தொடராக ஆம்பியர் மீட்டரைக் கோத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்குரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, கார் பூட்டப்பட்டதாக நினைக்கவைத்து, அரை மணி நேரம் தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். கோத்தபின் கதவைத் திறக்கவோ சாவியைப் போடவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். திரும்பி வரும்போது 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இருந்தால் நலம். அதற்கு மேலே நின்றால், ஃபியூஸைப் பிடுங்கித் தேடாதீர்கள். பிடுங்கிச் செருகும்போதே தூங்கும் பெட்டி எழுந்துவிடும். ஒவ்வொரு ஃபியூஸின் முதுகில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம், ஓடுவதில் ஒரு சின்ன எண் வரும்.

பட்டறையில் எத்தனை முறை பார்த்தாலும் 20 மில்லிஆம்பியர்தான், ஆனால் வீட்டில் மூன்று நாளைக்கு ஒருமுறை பேட்டரி இறங்குகிறது என்று ஒரு அக்கா வந்தார். கெப்போங் பக்கம் தொடர் வீடு, சாவி போடாமல் பட்டனில் எடுக்கும் கார். கடைசியில் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். கார் நிற்கும் முன் தாழ்வாரத்துச் சுவருக்கு மறுபக்கம், உள்ளே, சாவி மாட்டும் ஆணி. கார் இரவெல்லாம் சாவி பக்கத்தில் வந்துவிட்டதென்று நினைத்து எழுந்து எழுந்து பார்த்திருக்கிறது. மீட்டரைக் கோத்து, சாவியை ஆணியில் மாட்டியபோது ஆம்பியர் ஏறி ஏறி இறங்கியது. சமையலறைக்கு எடுத்துப் போனதும் அடங்கிவிட்டது. இப்போது சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. அதற்கு எப்படிக் காசு கேட்பது? நான்கு கறிபாப் கட்டிக்கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.